கடைசி வாய்ப்புக்கு ஓர் இடம்

"இன்னொரு தடவை இந்தப் படகைக் கட்டும்போது என்மேல கத்தினியோ, ராய்ஸ், கயிறைத் தண்ணியில போட்டுட்டு டாக்சி பிடிச்சு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

குரல் ரேடியோவிலிருந்து வந்தது. மார்லோ ஃபெர்ரி படகுத்துறையின் பொறுப்பாளர் ஹாலிஸ் ட்ரூயிட், வாய்க்குக் கொண்டுபோன காப்பிக் குவளையைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"நான் கத்தலை, டோரின். காத்துல உனக்குக் கேக்கணுமேன்னு கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்."

"என் காதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. கரையில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்னுதானே சொன்னே?"

மேசைக்கு எதிரே உட்கார்ந்து கணினியைத் தட்டிக்கொண்டிருந்த ஆபீஸ் உதவியாளர் ட்வைலா கையை எடுத்தார். "யாரோ மைக்கை அமுக்கி வெச்சுட்டாங்க."

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி நடக்கும். ஏதோ ஒரு படகில் ரேடியோ மைக், மெத்தைக்கு அடியிலோ நாய்க்கு அடியிலோ சிக்கிக்கொள்ளும். பொத்தான் அமுங்கியே இருக்கும். அந்தப் படகில் பேசுவதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு ரேடியோவிலும் கேட்கும். அவர்களிடம் அதைச் சொல்லத்தான் வழியில்லை. பொத்தான் அமுங்கியிருக்கும் வரை அவர்கள் ரேடியோவுக்கு வாய் மட்டும்தான், காது கிடையாது. போன இலையுதிர் காலத்தில் ஒருவர் ஒரு மத்தியானம் முழுக்கக் குறட்டை விட்டதைத் தெற்குக் கரோலினாவில் பாதிப் பேர் கேட்டார்கள்.

"எந்தப் படகு?" என்றார் ஹாலிஸ்.

"படகுப் பேரைச் சொன்னாத்தானே தெரியும். ராய்ஸ், டோரின்னு சொன்னா யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னது நியாயம். குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து ஃபுளோரிடாவுக்கு இந்த நீர்வழியாக இறங்கும் கூட்டத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. படகுக்குத்தான் பெயர். 'அவசரமில்லை'க்காரருக்குத் தலைவலி, 'மூணாவது போனஸ்' சாப்பிட வருகிறாரா என்றுதான் பேச்சு. மாதக்கணக்கில் ஒன்றாகப் பயணம் செய்து, ஒருவர் படகில் ஒருவர் சாப்பிட்டு, பிரியும்போது கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்குக்கூட எதிராளியின் சொந்தப் பெயர் தெரிந்திருக்காது. கேட்பதும் வழக்கமில்லை.

"மோட்டார் சத்தம் கேக்குது பாரு பின்னால," என்றார் ஹாலிஸ். "ஓடிக்கிட்டிருக்கிற படகு. இங்கதான் வருதோ?"

ட்வைலா திரையைப் பார்த்தார். "இன்னைக்கு முன்பதிவு ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணி. பேரு..." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "'கடைசி வாய்ப்பு'."

"ஆண்டவரே!"

"கல்யாணத்தைக் காப்பாத்தறதுக்குன்னு வாங்கின படகுக்கு வேற என்ன பேரு வைப்பாங்க?"

ஹாலிஸ் குவளையைக் கீழே வைத்தார். அகலமான மனிதர், வெயிலில் காய்ந்து கன்னமெல்லாம் செங்கல் நிறம். படகைக் கரையில் கட்டும் அந்த ஐந்து நிமிஷம் எத்தனை நல்ல குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கணவன் சுக்கானைப் பிடித்திருப்பான், மனைவி முன்னால் கயிறோடு நிற்பாள், காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் மறுபக்கம் இழுக்கும், கரையில் ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்கும். அந்த நேரத்தில் வாயிலிருந்து வருவதைப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

"ட்வைலா, இந்தத் துறையில கோவமா இறங்கினவங்க உண்டு. கோவமா டாக்சி ஏறினவங்க கிடையாது."

"உன் பெண்டாட்டியைத் தவிர."

"அவ கோவமாப் போகலை. சிரிச்சுக்கிட்டேதான் போனா."

அது உண்மை என்று ட்வைலாவுக்கும் தெரியும்.

"இன்னைக்கு அந்தப் படகு இங்க வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி வந்து நிக்கணும்," என்றார் ஹாலிஸ். "அவர் கத்தறதுக்கு ஒரு காரணமும் இருக்கக்கூடாது. அந்த அம்மா கையில கயிறு பாரமே தெரியக்கூடாது. வெளிமேடையைக் காலி பண்றேன்."

துறையிலேயே சுலபமான இடம் வெளிமேடைதான். ஆற்றை ஒட்டி நீளமாக மிதக்கும். பக்கவாட்டில் வந்து சாய்ந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம். ஆனால் அங்கே 'பிள்ளைகளின் சொத்து' நின்றிருந்தது. முந்தின நாள் ஆபீஸ் மூடிய பிறகு வந்து, தாங்களாகவே கட்டிக்கொண்ட படகு. ஓய்வுபெற்ற ஜோடி. காலையில் அந்த மனிதர் வந்து பணம் கட்டிவிட்டு, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை இதமாகப் பேசிவிட்டுப் போனார்.

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் நின்றார். படகுக்குள் மின்சாரத்துக்கு ஓடும் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. "சார், மேடம், ஒரு சின்ன உதவி கேக்கலாமா?"

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். இரண்டு முகத்திலும் நல்ல சிரிப்பு.

"சாயங்காலம் ஒரு ஜோடி வராங்க. படகு கட்டறதுல அவங்களுக்குள்ள கொஞ்சம் மனஸ்தாபம். சுலபமான இடமா குடுத்தா நல்லதுன்னு பாத்தேன். நீங்க உள்பக்கம் ஏழாம் நம்பருக்கு மாறிக்க முடியுமா?" ரேடியோவில் கேட்டதை அவர் சொல்லவில்லை. அடுத்தவர் சண்டையை வீடுவீடாகக் கொண்டுபோவது அவருக்குப் பிடிக்காது.

"அடடா, பாவம்," என்றார் அந்த அம்மாள். கணவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சில பேருக்கு அது ரொம்பக் கஷ்டம்தான்."

"அதுக்கென்ன, மாறிக்கறோம்," என்றார் அவர்.

ஏழாம் நம்பருக்குள் நுழைவது லேசான வேலை இல்லை. இரண்டு பக்கமும் மரத் தூண், குறுக்கே நீரோட்டம். காற்று காதை அடைத்தது. படகு ஒரு தூணை உரசியது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. அந்த அம்மாள் முன்னால் நின்று இடது பக்கமாகக் கயிற்றை வீச, ஹாலிஸ் பிடித்துக் கட்டினார். சுக்கான் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் கணவரின் வாய் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது.

"பாடிக்கிட்டே படகு ஓட்டறாரு மேடம். கேக்க முடியலையேன்னு இருக்கு."

"நல்லாவே பாடுவார்," என்றார் அவர், பல் தெரிய.

மனசு நிறைந்து ஹாலிஸ் ஆபீசுக்குத் திரும்பினார். ட்வைலா ரேடியோவுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். "இப்பதான் உச்சம். இவ்வளவு நேரம் அந்த ராய்ஸ் போட்ட கூச்சல் இருக்கே! இப்ப அந்தம்மாவோட முறை. கேளு."

"இடது தோள் தூக்க வரலைன்னு தெரிஞ்சும் இடது பக்கம் கட்டச் சொல்றியே, நீயெல்லாம் மனுஷனா?"

"அதுதான் வசதியான பக்கம், டோரின்!"

"யாருக்கு வசதி? உக்காந்திருக்கிறவனுக்கா?"

ட்வைலா தலையை ஆட்டினார். "எவ்வளவு தெளிவாக் கேக்குது பாரு. பக்கத்து அறையில சண்டை போடற மாதிரி."

"போன மாசம் ஆன்டெனா மாத்தினேன் இல்ல?" என்றார் ஹாலிஸ் கொஞ்சம் பெருமையாக. பிறகு முகம் மாறியது. "இடது தோள் வராதாம். அஞ்சு மணிக்கு நீரோட்டத்தை எதிர்த்து வந்தா வெளிமேடை அவங்களுக்கு இடது பக்கம்தான் இருக்கும். போச்சு. அதே மேடையோட உள்பக்கம்னா வலது."

"உள்பக்கத்துல 'மூணாவது போனஸ்' நிக்குது. அறுபது அடி."

"நகர்த்தச் சொல்றேன்."

"அந்த ஆளா? தண்ணிக் குழாயைத் தானே மாட்ட வேண்டி வந்ததையே இன்னும் என்கிட்ட சொல்லிச் சொல்லி அழறான்."

ஹாலிஸ் அந்தப் படகுக்காரரிடம் கெஞ்சவில்லை. அந்தப் பூப்போட்ட சட்டைக்காரரை ஆபீசுக்குக் கூட்டிவந்து ரேடியோ முன்னால் உட்கார வைத்தார். அவர் ஒரு நிமிஷம் கேட்டார். 'உக்காந்திருக்கிறவனுக்கா' என்பது மறுபடி வந்ததும் எழுந்துகொண்டார்.

"என் முதல் பெண்டாட்டி குரல் அப்படியே," என்றார். "எங்க நகர்த்தணும், சொல்லுங்க."

அறுபது அடிப் படகு ஏழும் எட்டும் சேர்ந்தால்தான் அடங்கும். எனவே ஏழில் நின்ற 'பிள்ளைகளின் சொத்து' நாலுக்குப் போக வேண்டியிருந்தது. ஹாலிஸ் மறுபடி தொப்பியைக் கழற்றினார். அந்த ஜோடி மறுபடி சிரித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்த மனிதர் மறுபடி பாடினார், முன்னைவிட உற்சாகமாக. ஒரு கட்டத்தில் கையையும் ஆட்டினார்.

திரும்பி வரும் வழியில் ஹாலிஸ், அந்தப் பக்கம் பாஞ்சோ மீட்டிக்கொண்டிருந்த 'அவசரமில்லை'க்காரரிடம் நின்றார். தனியாளாகப் பாய்மரப் படகில் போகிற பழைய பல் டாக்டர் அவர்.

"அந்த 'சொத்து'க்காரங்களைப் பாத்தீங்களா? ரெண்டு தடவை நகரச் சொன்னேன். ஒரு முகச் சுளிப்பு இல்லை. இப்படி வாழணும் ஒரு ஜோடி."

"முகச் சுளிப்பில்லாம என் நாற்காலியில உக்காந்தவங்கதான் டாக்டர் விரலைக் கடிப்பாங்க," என்றார் அவர், தந்தியைத் திருகிக்கொண்டே.

ஆபீசில் இதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. ரேடியோவில் வேறு எதுவும் பேச முடியாததால், என்னவென்று கேட்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். 'மூணாவது போனஸ்' கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு முன்வரிசையில் இருந்தார்.

"வெயில் நேரா கண்ணுல அடிக்குது," என்றது ராய்ஸின் குரல். "நீ கை காட்டினதே எனக்குத் தெரியலை. தெரிஞ்சா ஏன் இடிக்கிறேன்?"

"நான் கையே காட்டலை. கும்பிட்டேன். சாமியை."

யாரும் சிரிக்கவில்லை. "இதெல்லாம் வெயிலால வர்ற சண்டை," என்றார் ஹாலிஸ். "அஞ்சு மணிக்கு வெயில் நேரா உள்பக்கம் கட்டறவங்க முகத்துலதான் விழும். நிழல் வேணும்."

"நிழலுக்கு எங்க போவே? மரம் நடப்போறியா?" என்றார் ட்வைலா.

ஹாலிஸ் ஜன்னல் வழியாகப் பாய்மரப் படகைப் பார்த்தார்.

பல் டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாஞ்சோவை மடியில் சாய்த்தார். "கட்டிப் போட்ட படகுல, இந்தக் காத்துல, நிழலுக்காகப் பாய் விரிக்கணும்."

"முடியாதா?"

"நாப்பது வருஷம் பல்லு பிடுங்கியிருக்கேன். இந்த மாதிரி ஒரு மடத்தனத்தை யாரும் என்னைச் செய்யச் சொன்னதில்லை." அவர் எழுந்தார். "எப்படிச் செய்யாம இருக்கறது? ஒத்திகை பாத்துடலாம்."

பாய் ஏறியது. பெரிய, அழகான நிழல் ஒன்று மேடையின் உள்பக்கத்தில் விழுந்தது. ஹாலிஸ் கை தட்டக்கூட ஆரம்பித்தார். அப்போது வடக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. 'அவசரமில்லை' தன் பெயரை மறந்து பாய்ந்தது. பின்கயிறு அறுந்தது, மூக்கு திரும்பியது, மேடையில் நின்ற தண்ணீர்க் குழாயை வேரோடு சாய்த்தது. அதிலிருந்து பனைமர உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி, நாலாம் நம்பரில் பின்தளத்தில் உட்கார்ந்து எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஜோடியின்மேல் முழுசாக இறங்கியது.

ஹாலிஸ் ஓடினார். "சார்! மேடம்! மன்னிக்கணும்! குழாயை அடைக்கற வரைக்கும் அந்த மூலைக்கு, மீன் அறுக்கற மேசைப் பக்கம்..."

அந்த அம்மாளின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் கணவரைப் பார்த்தார். கணவர் அவரைப் பார்த்தார். காலையிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று ஹாலிஸுக்குத் தோன்றவில்லை. அவர் குழாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை," என்றார் அந்த அம்மாள். "மாறிக்கறோம்."

மீன் மேசை இருந்த மூலையில் நான்கு கூழைக்கடாக்கள் எப்போதும் குடல் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். படகு வந்து நிற்பதை அவை அக்கறையோடு பார்த்தன. இந்தத் தடவை அந்த மனிதர் பாடவில்லை.

ஈரச் சட்டையோடு ஹாலிஸ் ஆபீசுக்குள் நுழைந்தபோது எல்லோரும் ரேடியோவைச் சுற்றிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன ஆச்சு?"

"சத்தமே இல்லை," என்றார் ட்வைலா தாழ்ந்த குரலில். "அதுதான் பயமா இருக்கு. கத்தற வரைக்கும் கல்யாணம் உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

ஹாலிஸ் போனை எடுத்தார். ஊரில் இருந்த ஒரே டாக்சிக்காரர் ப்ரூஸ்டர். "ப்ரூஸ்டர், ஒரு வேலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அந்தத் தேங்காய்க் கேக் போடறவங்க கடைக்குப் போ. பெரிசா ஒண்ணு வாங்கு. மேல 'நல்வரவு, டோரின், ராய்ஸ்'னு எழுதச் சொல்லு. மெதுவாவே எழுதட்டும். மெதுவாவே வா."

போனை வைத்துக் கால் மணி கழித்து ரேடியோவில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"டாக்சிக்குப் போன் பண்ணேன்," என்றார் டோரின். "ஆள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கானாம். எப்ப வருவான்னு தெரியாதாம்."

ஹாலிஸ் கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். 'மூணாவது போனஸ்' அவர் முதுகில் தட்டினார்.

"டோரின்," என்றது ராய்ஸின் குரல். இவ்வளவு மெதுவாக அது பேசும் என்று யாரும் நினைக்கவில்லை. "ஒண்ணு சொல்லட்டுமா? இது உன் தப்பு இல்லை."

ரேடியோவில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உன் தப்பும் இல்லை, ராய்ஸ்."

"அந்த ஆள் வர்றதுக்கு முன்னால நாம எவ்வளவு நிம்மதியா இருந்தோம்."

ட்வைலாவின் கை வாய்க்குப் போனது. 'மூணாவது போனஸ்' வேர்க்கடலை மெல்வதை நிறுத்தினார்.

"எப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறான்," என்றார் டோரின். "அவன் கேட்டா எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வரலை. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன்."

"நான் மட்டும் என்ன? பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். அவன் மேல இருந்த கோவத்தையெல்லாம் உன் மேல காட்டினேன்."

"நான் உன் மேல காட்டினேன்."

"இனிமே அவன் வந்து தட்டினா கதவைத் திறக்காதே."

"சத்தியமாத் திறக்க மாட்டேன்."

ஆபீசில் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"மூணாவது மனுஷன்," என்றார் ட்வைலா.

"எப்பவும் ஒருத்தன் இருப்பான்," என்றார் 'மூணாவது போனஸ்', அனுபவத்தோடு. "என் விஷயத்துல டென்னிஸ் சொல்லிக்கொடுக்க வந்தவன்."

ஹாலிஸின் செங்கல் முகம் இன்னும் சிவந்தது. "ஒரு நல்ல குடும்பத்துக்கு நடுவுல சிரிச்சுப் பேசி நுழையறான்னா, அவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான்? என் கையில கிடைச்சான்னா இந்த மேடையிலேர்ந்தே தண்ணியில தள்ளிடுவேன்."

"நான் காலைப் பிடிக்கறேன்," என்றார் பல் டாக்டர். எல்லோரும் ஆளுக்கொரு அங்கத்தைப் பிடிப்பதாக வாக்குக் கொடுத்தார்கள்.

ஐந்து மணி நெருங்கியது. அந்த நேரத்தில் மார்லோ ஃபெர்ரி துறையைப் பார்த்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஒரு படகுக்காகச் சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கயிறு பிடிக்க ஓடுவது இந்த மனிதர்களின் இயல்பு. யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி எதிர்பார்ப்பதில்லை. அன்று அது பத்து மடங்காக இருந்தது. மேடை நெடுக, படகு இடிக்காமல் தாங்கும் ரப்பர்த் தலையணைகள் தொங்கின. வலது பக்கம் கட்ட ஆறு பேர் நின்றார்கள். பல் டாக்டர், அறுந்த கயிற்றுக்குப் பதில் மூன்று கயிறு போட்டுவிட்டு, பாயைப் பாதி மட்டும் ஏற்றி, நூல் பிடித்தாற்போல் நிழல் கொடுத்தார். ஒருத்தர் பாலாடைக் கட்டித் தொக்கு கொண்டுவந்தார், ஒருத்தர் வறுத்த இறால். ப்ரூஸ்டர், சொன்னபடியே மெதுவாக, கேக்கோடு வந்து சேர்ந்தார்.

ஹாலிஸ் இந்த நல்ல காரியத்துக்கு 'பிள்ளைகளின் சொத்து'வையும் அழைக்கப் போனார். அவர்களைவிடப் பொருத்தமான உதாரணம் யார்? மூன்று தடவை தட்டினார். கதவு திறக்கவில்லை.

"பாவம், அசந்து தூங்கறாங்க," என்று கூழைக்கடாக்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

'கடைசி வாய்ப்பு' வளைவைத் தாண்டி வந்தது. ஆறு பேரும் கையை நீட்டினார்கள். நீலப் படகு, நீரோட்டத்தை எதிர்த்து நிதானமாக ஏறி, நிழலுக்குள் நுழைந்து, மேடைக்கு ஒரு சாண் தூரத்தில் தானாகவே நின்றது. முன்னால் நின்ற வயதான அம்மாள் கயிற்றை வீசவில்லை. ஆறு கைகளில் ஒன்றில் கொடுத்தார். சுக்கானில் இருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையணைகள் ஒரு முனகல்கூட இல்லாமல் அமுங்கின.

துறை முழுக்கக் கைதட்டல் எழுந்தது. ட்வைலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூப்போட்ட சட்டைக்காரர் வெளிப்படையாகவே அழுதார்.

படகிலிருந்து இறங்கிய இருவரும் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஹாலிஸ் கேக்கை இரண்டு கையாலும் ஏந்தி முன்னால் வந்தார். அவர் நின்ற இடம் மேடையின் கோடி, மீன் மேசைக்கு நாலடி தூரம். "பாத்தீங்களா? ஒரு சத்தம் இல்லாம, ஒரு சண்டை இல்லாம கட்டியாச்சு. இனிமே டாக்சிப் பேச்சே வேண்டாம்."

அந்த வயதான அம்மாள் கேக்கைக் குனிந்து படித்தார். "ரொம்ப அழகா இருக்கு. ஆனா டோரின் யாரு? நான் வில்மா. இவர் பேரு எட்சல். நாங்க சண்டை போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, இவருக்குக் காது போனதுலேர்ந்து."

"கூச்சப்படாதீங்க மேடம்," என்றார் ஹாலிஸ் கனிவாக. "நாங்க யாரும் உங்களைத் தப்பா நினைக்கலை. எங்களுக்கு எல்லாம் தெரியும். உங்க ரெண்டு பேர் நடுவுல வந்தானே, அந்த ஆள் யாருன்னு மட்டும் காட்டுங்க. எல்லாருமாச் சேர்ந்து தண்ணியில தள்ளிடறோம்!"

"தள்ளிடறோம்!" என்றது ஆபீஸ் ஜன்னலில் இருந்த ரேடியோ, ஹாலிஸின் குரலில்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ஹலோ?" என்றார் ஹாலிஸ், சந்தேகத்தோடு.

"ஹலோ?" என்றது ரேடியோ.

ஒரு கூழைக்கடா இறக்கையை உதறியது. அந்தச் சத்தமும் ரேடியோவில் வந்தது. எல்லோருடைய கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக மீன் மேசைப் பக்கம், 'பிள்ளைகளின் சொத்து'வின் திறந்திருந்த சுக்கான் அறை ஜன்னலுக்குப் போயின. உள்ளே ஏதோ மெத்தை நகர்ந்தது; ரேடியோ கரகரவென்று ஒரு மூச்சு விட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக அடங்கியது.

கதவு திறந்தது. தலையில் ஈரத்துண்டோடு அந்த அம்மாள் வெளியே வந்தார். பின்னாலேயே கணவர், அவருடைய வலது தோள்மேல் ஜாக்கிரதையாகக் கை போட்டபடி. அந்த அம்மாள் பாதி ஏறிய பாயைப் பார்த்தார். வரிசையாகக் கயிறு பிடித்து நின்றவர்களைப் பார்த்தார். கேக்கில் தன் பெயரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, காலையிலிருந்து அவர் முகத்தில் இருந்த அந்த மரியாதைச் சிரிப்பு போய், நிஜமான சிரிப்பு ஒன்று வந்தது.

"முதல்ல அவர் கையிலேர்ந்து எங்க கேக்கை வாங்கிடுங்க," என்றார் டோரின். "அப்புறம் தாராளமாத் தள்ளுங்க. காலையிலேர்ந்து எங்களை மூணு தடவை இடம் மாத்தின ஆள் அவர்தான்."